கரைத்துக் குடித்த சோறு

"பத்தாங்கிளாஸ் பாஸாகிட்டா லயத்துச் சோறு தொண்டையில எறங்காதோ?"

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர், மருந்துக்கு நின்றிருந்த பத்துப் பதினைந்து பெண்களின் முன்னால் என்னிடம் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவ பொய் சொல்ல மாட்டா சார்" என்று எனக்குப் பின்னால் நின்று மெல்லச் சொன்னாள்.

கம்பவுண்டர் கெட்டவர் அல்ல. சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. வேலைக்குப் போக மனமில்லாதவர்கள் சொல்லும் நோய்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். தலைவலி, இடுப்புவலி, வயிற்றுக்கடுப்பு. சோறு இறங்கவில்லை என்று அதுவரை ஒரு பெண்ணும் அவரிடம் வந்து சொன்னதில்லை. இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அந்த மாத்திரையே என் தொண்டையில் நின்றுகொண்டது.

என் நோய் நிஜம் என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். காட்டியும் விட்டேன். கோட்டயத்தில் பெரிய டாக்டர்கள் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னார்கள். நான் குணமாகிவிட்டேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அம்மாவிடம் கேட்காமல் நானே அதற்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் அம்மாவுக்கு எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதம் அவள் உயிரைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் இப்போது பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். அடுத்த மாதம் மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அவள் பிழைப்பாளா என்று அப்போதுதான் தெரியும்.

நாங்கள் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா கவாத்து வெட்டுகிறார். அம்மா கொழுந்தெடுத்தாள். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். மலையாளம் எழுதுவேன், இங்கிலீஷ் வாசிப்பேன், கொஞ்சம் பேசவும் செய்வேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிக டீச்சராக வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்தொரு வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரும் கடிதங்களையும் ஆபீசிலிருந்து வரும் நோட்டீசுகளையும் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்னும் இருக்கிறது.

முதலில் கப்பைக்கிழங்குதான், அதாவது மரவள்ளி, தொண்டையில் நின்றது. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். ஒரு வாய் தண்ணீர் விட்டால் இறங்கிவிடும். பிறகு ரொட்டி நின்றது. ஒரு வருஷத்துக்குள் சோறே நிற்க ஆரம்பித்தது. வலி கிடையாது. கதவைத் தாழ் போட்டதுபோல் ஒரு மறிப்பு, அவ்வளவுதான். பள்ளிக்கூட மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. உதட்டோரங்கள் வெடித்தன. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் நான் மென்றுகொண்டிருப்பேன். "டீச்சரம்மா அசை போடுதா" என்று அப்பா கேலி செய்வார்.

கேலி நின்றது ஒரு கல்யாண வீட்டில். ஒரு துண்டு ஆட்டுக்கறி உள்ளே போகாமலும் வெளியே வராமலும் சிக்கிக்கொண்டது. பந்தியில் எல்லோரும் பார்க்க அப்பா என் முதுகில் அறைந்து அறைந்து அதை வெளியே எடுத்தார். அன்றிலிருந்து மூன்றாம் நாள், வளர்த்துக்கொண்டிருந்த ஆட்டை விற்றுவிட்டு எங்களைக் கோட்டயம் பஸ்ஸில் ஏற்றினார். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் அம்மா என்னுடன் தங்கினாள். தோட்டத்தில் கொழுந்து அதிகமாக வரும் காலம் அது. அந்தக் காலத்தில் அவள் ஒரு நாள்கூட லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டர் என் தொண்டையைப் பார்ப்பதற்கு முன் கையை நீட்டச் சொன்னார். நகங்களைப் பார்த்தார். என் நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்படி இருந்தன. நாக்கை நீட்டச் சொன்னார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் "எவ்விடயா தடயுன்னது?" என்று, எங்கே தடுக்கிறது என்று கேட்டார். நான் மலையாளத்திலேயே பதில் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ரத்தம் எடுத்தார்கள், இருக்க வேண்டிய ரத்தச்சத்தில் பாதிதான் இருந்தது. தீப்பெட்டியில் மலம் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் கொக்கிப்புழுவின் முட்டை இருந்தது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது அந்தப் புழு பாதத்தின் வழியாக ஏறி, குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும் என்று நர்ஸ் சொன்னாள். நான் செருப்புப் போடுகிறேனே என்றேன். "குஞ்ஞிலே இட்டிருந்நோ?" என்றாள். சின்ன வயசில் போட்டிருந்தாயா என்று.

அடுத்து, சுண்ணாம்புக் கரைசல்போல் ஒன்றைக் குடிக்கச் சொல்லி, குடிக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் தொண்டையின் மேல்பகுதியில் நூல்போல் ஒரு கோடு விழுந்திருந்தது. அதைச் சுற்றி நின்ற மாணவர்களிடம் டாக்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்க, ஒருவன் "குரோத்" என்றான். குரோத் என்றால் வளர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். நல்ல சொல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இங்கே அதற்குக் கட்டி என்று பொருள் எனப் புரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

எக்ஸ்ரே நிழலைத்தான் காட்டும், அது சவ்வா கட்டியா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அப்படிப் பார்க்கும் குழாய் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஜப்பானில் செய்தது என்றார்கள். விரல் தடிமனில் கறுப்பாக, வளையும். உள்ளே தலைமுடிபோல ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள். ஒரு முனையில் வெளிச்சம், மறுமுனையில் டாக்டர் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரம். அதற்கு முறை போட்டிருந்தார்கள். நான் ஆறு நாள் காத்திருந்தேன்.

அந்த ஆறு நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் பாலா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஏலியாம்மா என்ற வயதான சேச்சி இருந்தார். வீட்டிலிருந்து அவருக்குப் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு வரும். எங்களுக்கும் மீன்கறி கொடுப்பார். ஒரு மத்தியானம் அம்மா ஆஸ்பத்திரிச் சோற்றை டம்ளரில் போட்டு, பாலில்லாத கட்டன் சாயாவை ஊற்றி, விரல்களால் நன்றாகக் கரைத்துக் குடித்தாள். எங்கள் லயத்தில் பெண்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள். ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு பானையின் அடியில் இருப்பதில் சாயாவோ நீரோ ஊற்றிக் கரைத்து, நின்றுகொண்டே குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மலையிலும் அப்படித்தான், தூக்குவாளியை அப்படியே வாயில் வைத்துக் குடிப்பார்கள். அதை நாங்கள் சிக்கனம் என்று நினைத்திருந்தோம். பெண்களின் அடக்கம் என்றும் நினைத்திருந்தோம்.

ஏலியாம்மா சேச்சி கண்ணை அகல விரித்து, "இதெந்தா கொச்சே, சோறில் சாயயோ?" என்று, இதென்ன பெண்ணே சோற்றில் சாயாவா என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். அவருடைய மருமகளும் சிரித்தாள். கேலி செய்ய நினைத்து அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு முகம் எரிந்தது. நான் இவர்களோடு அவர்கள் பாஷையில் பேசி, பத்திரிகை வாசித்துக் காட்டி, ஒரு மரியாதையைச் சம்பாதித்து வைத்திருந்தேன்.

"அம்மா, நாலு பேரு இருக்கிற எடத்துல மனுசங்க மாதிரி சாப்பிடேன்" என்றேன்.

அம்மா டம்ளரைப் பார்த்தாள். "பழகிப்போச்சுட்டி" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மிச்சத்தைக் குடித்தாள். அதற்குப் பிறகு நான் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் சாப்பிட்டாள்.

குழாய் விடும் நாளன்று முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஊசி போட்டார்கள், வாய் உலர்ந்து போயிற்று. தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். நாக்கும் தொண்டையும் என்னுடையவை இல்லை என்பதுபோல் மரத்துப் போயின. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்தார்கள். "பேடிக்கண்டா", பயப்படாதே என்றார் டாக்டர். குழாய் உள்ளே வந்ததும் வயிறே புரண்டு வாய்க்கு வந்தது. கண்ணீர் தானாக ஓடியது. ஒரு நர்ஸ் என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி ஆடாமல் நின்றார். பிறகு சற்று அழுத்தினார். காகிதம் கிழிவதுபோல் ஏதோ விட்டது. குழாய் சடக்கென்று கீழே போனதை உணர்ந்தேன். திரும்பி எடுக்கும்போது ஒரு சின்னக் குறட்டால் அரிசிமுனை அளவு சதையைக் கிள்ளி எடுத்தார்கள். துப்பியபோது கொஞ்சம் ரத்தம் வந்தது.

மறுநாள் கட்டிலுக்கு வந்து, என் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், ஆறின பாலில் ஆடை படிவதுபோல மெல்லிய சவ்வு படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் சிறு வழி. ரத்தத்தில் இரும்புச்சத்து பல வருஷம் குறைந்தே இருந்தால் சிலருக்கு இப்படி வரும். குழாய் போகும்போதே அது கிழிந்துவிட்டது. புழுவுக்கு மருந்து, ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை. கிள்ளி எடுத்த சதையின் முடிவு பத்து நாளில் வரும், பயப்பட ஒன்றுமிருக்காது.

எழுந்து போகப் போனவர் நின்றார். இது அபூர்வம் என்றார். உன் வயதில் இன்னும் அபூர்வம். நாங்கள் பார்ப்பதெல்லாம் உன் அம்மா வயதுப் பெண்களிடம்தான். அதைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பின்னால் அந்த இடத்திலேயே கெட்ட கட்டி வரும். இதைச் சொல்லிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "அம்மைக்கு விழுங்கான் புத்திமுட்டுண்டோ? சோதிச்சு பற."

விழுங்கச் சிரமம் இருக்கிறதா, கேட்டுச் சொல்.

அம்மாவுக்கு மலையாளம் ஓடவில்லை. "ஏட்டி, என்ன கேக்காரு?" என்றாள்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஏலியாம்மா சேச்சி பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருடன் வந்த மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சோற்றில் சாயா ஊற்றிக் குடிக்கும் கதை இத்தனை பேர் முன்னால் வருவதை நான் விரும்பவில்லை. அதோடு, அதை நோய் என்று நான் நினைக்கவும் இல்லை. என் கேவலம் என்றுதான் நினைத்தேன். "இல்லை டாக்டர், அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தோட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாகக் கொழுந்தெடுப்பாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

"என்னட்டி கேட்டாரு?"

"ஒன் வயசக் கேட்டாரு."

"நாப்பது இருக்கும்னு சொல்லு" என்றாள் அம்மா, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு.

சதையின் முடிவு நல்லபடியாக வந்தது. ஊருக்கு வந்த அன்று கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் கேட்டேன். தண்ணீர் தொடாமல் ஒரு தட்டு முழுவதும் தின்றேன். லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா அடுப்படியில் நின்று, நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமும்தான். இப்போது யோசித்தால் அந்தப் பார்வையில் வேறொன்றும் இருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. நானும் என்னவென்று கேட்கவில்லை.

கம்பவுண்டரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "எனக்குத் தெரியாமப் போச்சே டீச்சர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சந்தோஷப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து, மழை தொடங்கிய நாட்களில் அம்மாவின் குரல் கம்மியது. குளிர் என்று கஷாயம் வைத்தோம். ஒரு காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் அவள் சாயா குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறி, சாயா மூக்கு வழியாக வந்தது. கையால் மறைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் பின்னால் போனேன். வாழையடியில் குனிந்து நின்றவளின் தோள்பட்டையைப் பிடித்தேன். என் கைக்கு எலும்புதான் அகப்பட்டது.

"எத்தன நாளாம்மா?"

"தண்ணி இப்பத்தான் நிக்கு. சோறு நீ பொறக்குறதுக்கு முன்னாலயே அப்படித்தான்."

அந்த வாழையடியில் நின்று எனக்கு டாக்டரின் கேள்வி முழுவதும் ஞாபகம் வந்தது.

அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர். அம்மாவுக்கு அந்தக் குழாய் உள்ளே போகவேயில்லை. உணவுக்குழாயின் வாசலிலேயே கட்டி இருந்தது. சதையைக் கிள்ளி அனுப்பினார்கள். இந்த முறை முடிவு வருவதற்கு முன்பே அது புற்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் பழைய சீட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். 'தாய்க்கு விழுங்குவதில் சிரமம் இல்லை' என்று அவர் கையெழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.

"அன்றே பார்த்திருந்தால்?" என்று கேட்டேன்.

சொல்ல முடியாது என்றார். அன்றே கட்டி இருந்திருக்கலாம். வெறும் சவ்வாகவும் இருந்திருக்கலாம். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அவர் ஒரு பக்கம் சாயவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் எனக்கு இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை.

கட்டியை அறுக்க முடியாத இடம் என்றார்கள். கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டு, கஞ்சித்தண்ணியையும் பாலையும் ஊசிக்குழலால் செலுத்தினோம். அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வருவார்; வார்டு வாசலில் நின்று அம்மாவைப் பார்ப்பார். ஒரு முறை ஒரு பொட்டலம் நாட்டு வாழைப்பழம் வாங்கி வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஆறு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீரும் பாலும் இறங்குகின்றன. கட்டி கரைந்ததா, இது நீடிக்குமா என்பதைத்தான் அடுத்த மாதம் பார்ப்பார்கள்.

போன ஞாயிறு, அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா லயத்து வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அன்றைக்கு டாக்டர் உன் வயசைக் கேட்கவில்லை அம்மா, இதைத்தான் கேட்டார், நான் இப்படித்தான் சொன்னேன் என்று எல்லாவற்றையும்.

அவள் எதிர்மலையைப் பார்த்தாள். அங்கே பெண்கள் இல்லாத பாத்திகள் பச்சையாகக் கிடந்தன.

"நீ கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள், காற்றுப் போன குரலில்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"இல்லட்டி. டாக்டரு கேக்காருன்னா சொல்லியிருப்பேன். அதுக்கு முன்ன எங்கிட்ட யாரும் கேட்டதில்லயே."

நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "கீழ லயத்துச் செல்லத்தப் பாத்திருக்கியா?" என்றாள். "வாளிக்குள்ள தண்ணி இல்லாம அவ ஒரு வாய் தின்னு நான் கண்டதில்ல. சூசம்மாளும் அப்படித்தான். ஒன்பதாம் நம்பர் மலையில ரெண்டு பேரு இருக்காளுவ."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒண்ணா உக்காந்து குடிக்கோம். எவளுக்கு எறங்கல, எவளுக்கு எறங்குதுன்னு தெரியாதா?"

அந்த இருவரின் பெயரையும் கேட்டு, நான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலமே செல்லம் அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கென்ன டீச்சரு, கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரித்தாள். அவள் அடுப்பில் அவித்த கப்பை இருந்தது. ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்து, சாயா இல்லாமல் இதை மட்டும் தின்னுங்க அக்கா என்றேன். வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றாள். விழுங்கப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. அவள் மகள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள்.

குடித்துவிட்டு, "ஒங்கம்மைக்கு வந்ததுதானா இது?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. எனக்கு வந்ததாவும் இருக்கலாம். போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

செல்லம் அக்காவைக் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பால் கொடுக்க அப்பா பழகிக்கொண்டார். சூசம்மாள் அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறாள். மற்ற இருவரும் இன்னும் முகம் கொடுக்கவில்லை; திரும்பி வந்து மறுபடி போவேன். இந்தக் கடைசி வரிகளை, வழியில் முண்டக்கயத்தில் பஸ் நிற்கும் நேரத்தில் எழுதுகிறேன். செல்லம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.